முதலில் எந்தக் கை

சேசு மரி சூசை துணை

நல்லான்குடி,
சீர்காழி வட்டம்.
22.4.2024

ஜெர்மனி தேசத்துக் குளிரில் படிப்போடு போராடும் அன்பு மருமகள் லின்சிக்கு, தாய்மாமன் ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மா விண்ணரசியும் உன் தங்கை ஷீபாவும் வேளாங்கண்ணி மாதா தயவில் சுகம். உன் சுகத்தையும், அங்கே சோறு கிடைக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் டச் போன் ஷீபா கையில் இருக்கிறது. என் பட்டன் போனுக்கு ஜெர்மனி எட்டாது. உன் அம்மாவோ அழுவதற்கு மட்டும்தான் போனை வாங்குகிறாள். ஆகவே கடிதம்.

ஷீபாவைச் சென்னைக்கு அழைத்துப்போய் வந்தோம். ஒரு வாரம் அவள் தலை முழுக்க ஒயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். வீட்டில் வாரம் தவறாமல் வருகிற வலிப்பு, கேமராவைக் கண்டதும் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டது. கடைசி நாள் டாக்டர் வானதியம்மா என்னைக் கூப்பிட்டு, "வலிப்பு எப்படித் தொடங்கும், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க" என்றார். உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சொன்னேன். இடி விழுந்த தென்னை மாதிரி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஆடும், இரண்டு கை, இரண்டு கால், கட்டில் ஒரு முழம் எழும்பும், ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தால்தான் அடங்கும் என்று விவரமாகச் சொன்னேன். அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

லேசர் சிகிச்சை பற்றி யோசித்து வைத்திருந்தோம் என்று அவர் சொன்னதும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டேன். "டாக்டரம்மா, லேசர்னா எனக்குப் புதுசில்லை. லேசர் வெச்சு வயலை மட்டம் பண்ற மெஷினை சீர்காழி வட்டத்துல முதல்ல வாங்கினவனே நான்தான். முக்காலி மேல லேசர் சுத்தும், டிராக்டர் பின்னாடி வாளி தானா ஏறி எறங்கும். உங்க லேசர் எந்தக் கம்பெனி?" என்றேன். சிரித்தார். மரியாதை கலந்த சிரிப்பு.

நீ கவலைப்படாதே. கொல்லைக் குளியலறைத் தாழ்ப்பாளைப் போன வருஷமே கழற்றிவிட்டேன். ஷீபா உள்ளே விழுந்த அன்று ஒரே உதையில் கதவைப் பெயர்த்தவன் நான். அடுத்த தெருக்காரர்கள் வெடி என்று நினைத்தார்களாம். இப்போது கதவைச் சும்மா சாத்திக்கொண்டு குளிக்கிறாள். நான் கொல்லையில் மெஷினைத் துடைத்தபடி இருப்பேன். அதில் அவளுக்குக் கோபம். "இருபத்திரண்டு வயசாச்சு, ஒரு கதவை மூடிக்க முடியலை" என்கிறாள். சிறுபிள்ளை.

ஜெர்மனிக்கு ஒட்டுகிற தபால்தலைக்கு ஏற்றபடி விஷயம் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒன்றும் நடக்காத நாளைப் பற்றி நான் யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை.

ஆசீருடன்,
மாமா


ஹைடல்பெர்க்,
11.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

லின்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். சோறு கிடைக்கிறது, நானேதான் வடிக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரை போடுகிறாளா?

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே வானதி டாக்டரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. ஷீபாவுக்கு லேசர் பொருந்தாது என்று எழுதியிருக்கிறார். காரணம், வீட்டார் சொன்ன விவரம்.

மாமா, இது உங்கள் லேசர் இல்லை. உங்கள் மெஷினில் லேசர் மட்டத்தைக் காட்டுவதோடு சரி. இது சுடும். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, வலிப்பு கிளம்புகிற அந்த ஒரு இடத்தை மட்டும் சுட்டு அடக்கிவிடுவார்கள். கம்பி போகிற வழியில் ரத்தக்குழாய் எதுவும் படக்கூடாது. அந்த வழியைக் கணினி தேடித் தரும். நான் இங்கே ஆய்வகத்தில் செய்கிற வேலையே அதுதான், அப்படி வழி தேடுகிற நிரல் எழுதுவது. ஆனால் கணினி வழியைத்தான் சொல்லும். எங்கே போக வேண்டும் என்று மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஷீபாவின் ஸ்கேனில் வலது பக்கம் ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது. வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்றால் லேசர் வைக்கலாம். நீங்கள் சொன்னபடி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஆடினால், கிளம்புகிற இடம் ஒன்று இல்லை என்று அர்த்தம். அப்போது எதைச் சுடுவது?

அதனால் முதல் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்று, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். எழுதக் கேட்பதற்கும் காரணம் உண்டு. போனில் உங்கள் கதை ஒவ்வொரு முறையும் வளர்கிறது. ஷீபாவை வீடியோ எடுக்கச் சொன்னால் அம்மா, "வேற எந்தக் கோலத்துல வேணா எடு, அந்தக் கோலத்துல வேணாம்" என்கிறாள்.

சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதையும் விட்டுவிடுங்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
லின்சி


சேசு மரி சூசை துணை

நல்லான்குடி,
2.6.2024

கணினியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் மருமகளுக்கு மாமாவின் வாழ்த்து. அனைவரும் சுகம். முழங்கால் வலி என்னைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது.

உன் கடிதத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தது. அந்தக் கால எட்டாவது படித்தவனுக்கு, பார்த்ததை எழுதத் தெரியாதா? எழுதுகிறேன், கேள்.

வியாழக்கிழமை பிற்பகல். வானம் கறுத்து நிற்கிறது, காக்கை ஒன்று கூடக் கத்தவில்லை. ஷீபா கூடத்தில் நின்றவள் "மாமா" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் ஓட்டு வீட்டின் ஓடுகள் அதிர்ந்தன. அப்படியே சூறாவளியில் சிக்கிய வாழைத்தோட்டமாகச் சுழன்று விழுந்தாள். நான் பாய்ந்து பிடித்தேன். நாலு ஆள் பிடித்தாலும் அடங்காத வேகம், ஒற்றை ஆளாக அடக்கினேன். உன் டாக்டரம்மாவுக்கு இதை அனுப்பு. இப்பேர்ப்பட்ட வியாதிக்கு லேசர் இல்லை என்று எப்படிச் சொல்வார், பார்க்கலாம். சின்ன வியாதி என்று சொன்னால் சீட்டெழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வழக்கம் எனக்குத் தெரியும்.

கணினிக்கு மனிதர்கள்தான் சொல்ல வேண்டும் என்றாயே, அது சரி. என் மெஷினும் அப்படித்தான். போன வருஷம் காயாரோகணம் நிலத்தில் நடந்ததைக் கேள். வழக்கமாக வயல் முழுக்கக் கம்பு ஊன்றி மேடு பள்ளம் அளந்த பிறகுதான் மெஷினை இறக்குவேன். அன்றைக்கு அந்த மனிதர் வரப்பில் நின்றுகொண்டு, "மேற்குதான்யா மேடு. என் வயலு எனக்குத் தெரியாதா, அளந்துக்கிட்டு நிக்காம ஓட்டு" என்றார். ஓட்டினேன். மெஷின் சொன்னதைச் செய்தது. தண்ணீர் விட்ட பிறகு பார்த்தால் மேற்கே நாற்று முழுகிக் கிடக்கிறது, கிழக்கே காய்கிறது. ஊரே கூடி மெஷினைத் திட்டியது. நான் விடவில்லை. "மெஷின் என்னய்யா பண்ணும், வாய்க்கு வந்ததைச் சொன்ன இவரைக் கேளுங்க" என்றேன்.

மேட்டூர் இந்த வருஷம் எப்போது திறப்பார்களோ தெரியவில்லை. ஆனாலும் மெஷினுக்கு ஆள் வரிசையில் நிற்கிறது.

ஆசீருடன்,
மாமா


ஹைடல்பெர்க்,
20.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் ஷீபாவும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓடு இருக்கிறது, வாழைத்தோட்டம் இருக்கிறது, நாலு ஆள் பலம் இருக்கிறது. ஷீபாவை மட்டும் காணோம்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். "எனக்கென்னடி தெரியும், வந்ததுமே நான் கண்ணை மூடிக்குவேன். மாமாதான் எப்பவும் பக்கத்துல இருக்கான்" என்றாள். ஷீபாவுக்கோ வந்து போனது எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஆக, அந்த முதல் நொடியைப் பார்த்த மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

பெரிதாகச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தீர்கள். அவர்கள் தேடுவது சின்ன விஷயத்தை, மாமா. உதடு அசைந்ததா, கண் எங்கே பார்த்தது, முதலில் எந்தக் கை.

காயாரோகணம் கதை சொன்னீர்கள். இப்போது வரப்பில் நின்று "மேற்குதான் மேடு" என்கிறவர் நீங்கள். முழுகப் போவது நாற்று இல்லை.

ஆகஸ்டு கடைசி வரை காத்திருப்பதாக வானதி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
லின்சி


ஹைடல்பெர்க்,
19.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? பதில் வரவில்லை. தபால் தாமதமா, என் மேல் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். ஆய்வகத்தில் யார் யாருடைய தலைக்கோ வழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

லின்சி


நல்லான்குடி,
5.8.2024

லின்சிக்கு,

எல்லோரும் சுகம். நீ சாப்பிடு.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து ஷீபா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் எதிரே இருந்தேன். ஒரு துண்டைக் கொடியில் போடப் போனவள் நின்றுவிட்டாள். விழவில்லை. கத்தவில்லை. கண் திறந்தே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு, புளிப்பு எதையோ சப்புவது போல அசைந்தது. வலது கை துண்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, அழுக்கு போகாத மாதிரி. இடது கை மட்டும் மணிக்கட்டில் வளைந்து உள்பக்கமாக முறுக்கிக்கொண்டது. முதலில் அதுதான். பிறகு மெதுவாக விட்டது. அவள் என்னைப் பார்த்து, "என்ன மாமா?" என்றாள். "ஒண்ணுமில்ல, துண்டைப் போடு" என்றேன்.

பெரும்பாலும் இவ்வளவுதான். எப்போதாவதுதான் விழுந்து உடம்பு முழுக்க ஆடும். அப்போதும் இந்தச் சின்னது முன்னால் வந்துவிட்டுத்தான் அது வரும். சொல்கிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

இது ஒரு நாள் பார்த்தது. எப்போதும் இடது கைதானா என்று எனக்குள் ஒரே குழப்பம். காலையில் உன் அம்மாவிடம், "சாவிக்கொத்தை நாம எந்தக் கையில திணிப்போம்?" என்று கேட்டேன். "இடது கையில" என்றாள். "ஏன் இடது?" என்றேன். "அதுதானடா மூடிக்கிட்டுப் போற கை. மூடின விரலைப் பிரிச்சுத்தானே சாவியைச் சொருகணும். வலது கை சும்மா எதையாவது தடவிக்கிட்டு இருக்கும், அதுல குடுத்தா கீழ போட்டுடும்" என்றாள். கண்ணை மூடிக்கொள்கிறவளுக்கே கை ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமும் இடது கையில்தான் திணித்திருக்கிறோம். ஒரு தடவை கூட மாறியதில்லை.

இதை எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், முன்னால் எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் தென்னை மரம் வந்துவிட்டது.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கடைமடைக்கு இன்னும் வரவில்லை.

மாமா


ஹைடல்பெர்க்,
24.8.2024

என் அன்பு மாமாவுக்கு,

நலம், நலம், நலம்.

உங்கள் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் டாக்டருக்கு அனுப்பினேன். இடது கை என்றால் மூளையின் வலது பக்கம். ஸ்கேனில் சந்தேகப்பட்ட பக்கமும் அதுதான். செப்டம்பரில் மறுபடியும் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த முறை மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பார்களாம். அப்போது பெரியதாகவே வரலாம், பயப்படாதீர்கள், பக்கத்திலேயே நர்ஸ் இருப்பார்.

சாவிக்கொத்தைப் பற்றி முன்பு நான் அப்படி எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திணிக்க வேண்டாம் என்பது இப்போதும் சரிதான். ஆனால் அது இல்லாவிட்டால் நமக்குக் கை தெரிந்திருக்காது.

திட்டம் போடும்போது கணினித் திரையை உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்த்ததை எழுதுங்கள். தென்னை மரம் ஒன்று வந்தால் பரவாயில்லை.

லின்சி


சேசு மரி சூசை துணை

சென்னை,
6.10.2024

அருமை மருமகளுக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜிலிருந்து மாமா. எல்லோரும் சுகம். சென்னை இட்லி மட்டும் சுகமில்லை.

வலிப்பு வந்தது. கேமரா பார்க்க, ஒயர்கள் பார்க்க, நான் எழுதியது எழுதியபடி வந்தது. இடது கை முறுக்கியதும் வானதியம்மா என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டலுக்கு நான் ஒரு பட்டம் வாங்கின மாதிரி.

நேற்றுத் திரையைக் காட்டினார். ஷீபாவின் தலை அங்கே கண்ணாடி மாதிரி தெரிகிறது. உள்ளே ரத்தக்குழாய்கள் சிவப்பும் நீலமுமாக. காவிரியும் மண்ணியாறும் உப்பனாறும் அத்தனை கிளை வாய்க்காலும் ஒரே தலைக்குள் ஓடுகிற மாதிரி. பின்மண்டையிலிருந்து அந்த இடத்துக்குக் கணினி கோடு கோடாகப் போட்டது. குழாயை ஒட்டிப் போகிற கோடு சிவப்பாகிறது, விலகிப் போகிறது பச்சையாகிறது. எல்லாம் நேர்கோடு. "வளைஞ்சு போகாதா?" என்றேன். "கம்பி நேராத்தான் போகும். அதனாலதான் இத்தனை பார்க்குறோம்" என்றார்.

கணினி முதலிடம் கொடுத்த கோட்டை அவர் எடுக்கவில்லை. சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். "முதல்ல வந்தது நல்ல பச்சைதானே?" என்றேன். "பச்சைதான். ஆனா கடைசியில ஒரு குழாய் பக்கத்துல போகுது, எனக்கு மனசு ஒப்பலை" என்றார். நான் எழுந்து கை கொடுத்தேன். மெஷினை நம்பினாலும் வயலில் ஒரு தடவை இறங்கி நடக்கிற ஆள் அவர். சரியான கோட்டைத் தேர்ந்தெடுத்ததில் என் பங்கும் உண்டு என்று ஊரில் சொல்வேன், நீ மறுக்காதே.

பிறகு ஷீபா, "முடி எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"பின்னாடி கொஞ்சம்."

"முடிஞ்சதும் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஷீபாவே எல்லாம் சொன்னாள், உதை உட்பட. "உதை ஒண்ணும் பெருசில்லை டாக்டர், கீல் ஏற்கெனவே இத்துப்போனது" என்றும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். "ஆறு மாசம் ஒண்ணும் வரலைன்னா போட்டுக்கலாம்மா. அதுக்கு முன்னாடி கூடாது. இதனால முழுசா நின்னுடும்னு யாருக்கும் நான் வாக்குக் குடுக்கறதில்லை."

வேறு சிலதும் சொன்னார். அதெல்லாம் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது. வருகிற வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறார்கள்.

மெஷினா? அது நாகப்பட்டினம் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரே கிராக்கி.

ஆசீருடன்,
மாமா


நல்லான்குடி,
24.10.2024

லின்சிக்கு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ஷீபா நலம். நீ நலமா. விவரம் பிறகு.

மாமா


ஹைடல்பெர்க்,
16.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தான், ஆனால் உங்கள் கார்டு வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. பிறந்ததிலிருந்து நீங்கள் இவ்வளவு சின்னதாக ஒன்று எழுதி நான் பார்த்ததில்லை. "வேறு சிலதும் சொன்னார்" என்று முந்தைய கடிதத்தில் எழுதினீர்களே, எது? போனில் ஷீபா "நல்லா இருக்கேன்" என்கிறாள், அம்மா அழுகிறாள், நீங்கள் கொல்லைக்குப் போய்விடுகிறீர்கள். வலிப்பு திரும்ப வந்ததா? அந்த வழி எதன் பக்கமாகப் போனது என்று எனக்குத் தெரியும் மாமா. அதைத்தான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லின்சி


நல்லான்குடி,
9.12.2024

அன்பு அக்காவுக்கு,

ஷீபா. நான் கடிதம் எழுதுவது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நீ மாமாவுக்கு எழுதியதை மாமா அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். நான் எடுத்துப் படித்தேன். நீ நல்லா இருக்கியா? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

உன்னிடம் சொல்லாமல் விட்டது இரண்டு விஷயம். ஒன்று, ஆபரேஷன் ஆன மூணாம் நாள் ஒரு வலிப்பு வந்தது. வீக்கத்தினால் வரும், அதைக் கணக்கில் எடுக்காதே என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு இல்லை. இரண்டாவது, என் பார்வையில் இடது பக்கம் மேல் மூலை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. கம்பி பார்வை நரம்பை ஒட்டிப் போவதால் இப்படி வரலாம் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். தலையைத் திருப்பினால் சரியாகத் தெரிகிறது. எதிர் வீட்டு மாடியில் நிற்கிறவர்கள்தான் பாதியாகத் தெரிகிறார்கள். அவர்களை முழுசாகப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன்.

மாமா இதை எழுத உட்கார்ந்தார், நான் பார்த்தேன். "கண்" என்று எழுதி அதற்கு மேல் எழுதவில்லை. நீ போட்ட வழி என்று நினைத்து நீ அழுவாய் என்றார். அது நீ போட்ட வழி இல்லை என்று அவருக்கும் தெரியும். அக்கா, எனக்கு வலி இல்லை. பின்னால் சின்னத் தழும்புதான், முடி வளர்ந்து மூடிவிட்டது.

மாமா கோயில் வாசலில் சொல்வதைக் கேட்டால் நீ வேலையை விட்டுவிடுவாய். கணினி குழம்பி நின்றபோது அவர்தான் விரலை வைத்து, "இந்தப் பச்சையைப் பிடிங்க" என்றாராம். சீர்காழியில் லேசர் மெஷின் முதலில் வாங்கியவர் என்பதால் டாக்டர்கள் எழுந்து நின்றார்களாம். வாங்கியதில் மாமா நாலாவது ஆள் என்று ஊருக்கே தெரியும், இருந்தும் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டின நாளிலிருந்து, மெஷின் நாகப்பட்டினம் பக்கம் போயிருக்கிறது என்கிறார். எப்ப வரும் மாமா என்று கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். கொட்டகையில் இப்போது கோழி அடைகிறது. துடைப்பதற்கு மெஷின் இல்லாவிட்டாலும், நான் குளிக்கப் போனால் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுகிறார்.

எனக்குத் தாழ்ப்பாள் வேண்டும் அக்கா. நீயும் மாமாவிடம் சொல்லு.

முத்தங்களுடன்,
ஷீபா


சேசு மரி சூசை துணை

நல்லான்குடி,
4.5.2025

அன்பு மருமகள் லின்சிக்கு மாமா எழுதுவது. எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். பொங்கலுக்கு நீ எழுதியதற்கும் ஈஸ்டருக்கு எழுதியதற்கும் பதில் போடவில்லை. போட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று வாய்விட்டுவிடுவேனோ என்று ஒரு பயம். ஆறு மாதம் முடியட்டும் என்றிருந்தேன். அதற்கு மேலும் சில நாள் விட்டேன்.

சித்திரை வெயிலில் மூளை காய்கிறது. நேற்றுக் கும்பகோணம் போய் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். சீர்காழியில் கிடைக்காதா என்றால் கிடைக்கும், இரும்பில் கிடைக்கும். கடைக்காரன், "கோயில் கதவுக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

காலையில் நானே பூட்டினேன். கதவு பழசு, ஆணி நிற்கவில்லை. புதுக் கட்டை வைத்து அடித்தேன். உன் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "விழுந்தா என்னடா பண்ணுவே?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டாள். அடுத்த ஆணியை எடுத்து அடித்தேன்.

ஷீபா துண்டை எடுத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. புதுசு இல்லையா, கொஞ்சம் இறுக்கம். நான் முதலில் வாசலில்தான் உட்கார்ந்தேன். பிறகு கூடத்துக்கு வந்தேன். பிறகு கொல்லையில் நின்றிருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

நின்றே இருந்தது. உன் அம்மாவும் வந்து என் பக்கத்தில் நின்றாள். சாவிக்கொத்து அவள் கையில் இருந்தது. நான் கதவுக்குக் கிட்டே போனேன். தட்டக் கையை ஓங்கினேன். தட்டவில்லை.

உள்ளே சோப்புப் பெட்டி கீழே விழுந்து, "சே" என்று அவள் சொன்னது கேட்டது. மறுபடியும் தண்ணீர்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து, "இன்னும் இங்கயா நிக்கிறீங்க மாமா?" என்றாள்.

"தென்னையில காய் முத்திடுச்சான்னு பார்த்தேன்."

"அது முருங்கை மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்கு என்ன என்று தெரியாது. மாத்திரை இன்னும் போடுகிறாள். இடது பக்கத்துக் கதவு மூலையில் எப்போதாவது இடித்துக்கொள்கிறாள். சைக்கிள் கேட்கிறாள், அதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும். மத்தியானம் ஊருக்குள் போனேன். காயாரோகணம் கூப்பிட்டு, "என்னய்யா, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார். கதைக்காகக் காலை மடித்து உட்கார்ந்தும்விட்டார். ஒன்றும் வாயில் வரவில்லை, வந்துவிட்டேன்.

தபால்தலை ஒட்டிவிட்டேன். எழுதுவதற்கு வேறு விஷயம் இல்லை. இன்று இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஆசீருடன்,
உன் மாமா
ஆசீர்வாதம்